சம்பளம் இல்லாத உத்தியோகம்

என் கல்யாணப் பேச்சு ஒரே மாதத்தில் இரண்டு தடவை முறிந்தது. முதல் தடவை, மாப்பிள்ளை இன்சூரன்ஸ் ஏஜெண்டாகப் போகிறார் என்பதற்காக. இரண்டாம் தடவை, அதே மாப்பிள்ளை ஏஜெண்டாகப் போகவில்லை என்பதற்காக. இரண்டு தடவையும் முறித்த புண்ணியவான் ஒருவர்தான், என் அப்பா காந்திமதிநாதன்.

ஐம்பத்து நான்காம் வருஷம், ஆனி மாதம். ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் நல்ல காரியம் பேச மாட்டார்கள். அதற்குள் நிச்சயம் செய்தால் ஆவணியில் கல்யாணம், இல்லாவிட்டால் அந்த மாப்பிள்ளை வேறு இடம் பார்த்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ரொம்பவே பிடித்திருந்தது.

அவர் பெயர் வல்லிநாயகம். ஊர் இலஞ்சி. தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் கம்பெனியின் புக்கிங் கிளார்க். நான் ஆய்க்குடியில் சின்னப் பிள்ளைகளுக்கு வாத்தியாரம்மா, தினமும் தென்காசியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். ஒருநாள் மழையில் நனைந்துகொண்டு நான் ஓடி வர, பஸ் புறப்பட்டுவிட்டது. புக்கிங் ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே நீண்டது.

"டிரைவர் அண்ணாச்சி, நிறுத்துங்க! டீச்சர் போகலேன்னா பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுருவாங்க. பிள்ளைக சந்தோசப்பட்டுரும்லா!"

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேதான் ஏறினேன். அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து, சொந்தக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஜாதகத்தில் அதே பெயரைப் பார்த்தபோது நான் அன்று ராத்திரி இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். அம்மா வடிவாம்பாளுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது. அப்பாவுக்குப் புரியாது. அவர் தென்காசி சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடயர் ஆனவர். எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினால்தான் அவருக்கு எதுவும் புரியும்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, எல்லாம் பேசி முடிந்தது. எழுந்திருக்கிற நேரத்தில் வல்லிநாயகம், "மாமா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். மறைத்து வைக்கத் தெரியாத மனுஷர். "குற்றாலத்துல சீசனுக்கு ஒரு இன்சூரன்ஸ் இன்ஸ்பெக்டர் வந்து பங்களா எடுத்துத் தங்கியிருக்காரு. ஏஜெண்ட் வேலைக்கு என்னைக் கூப்பிடுதாரு. பஸ் கம்பெனியை விட்டுரலாமான்னு யோசிக்கேன்."

"சம்பளம் என்ன?" என்றார் அப்பா.

"சம்பளம் கிடையாது மாமா. கமிஷன்தான். நாம பிடிக்கிற பாலிசியைப் பொறுத்து."

அப்பா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். "பிடிக்கலேன்னா?"

"பிடிக்கலேன்னா ஒண்ணுமில்லைதான்."

"சம்பளம் இல்லாம ஒரு உத்தியோகமாவே? அதுக்குப் பேரு ஊர் சுத்துறது. எம்பொண்ணு சம்பளக்காரி. சம்பளம் இல்லாதவருக்கு நான் எப்படிக் குடுப்பேன்?"

இது ஒன்று. அவர்கள் போன பிறகு நான் கிணற்றடியில் போய் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து அப்பாவிடம், அவருக்குப் புரிகிற பாஷையில் கேட்டேன்.

"ஏம்ப்பா, பத்திரத்தைப் பாக்காமலே வில்லங்கம்னு எழுதிருவியளா? அந்த இன்ஸ்பெக்டரைப் போய்ப் பாத்து, வேலை நெசமா பொய்யான்னு விசாரிச்சிட்டுச் சொல்லுங்க."

வில்லங்கம் என்ற சொல் வேலை செய்தது. மறுநாள் காலை அப்பா மடிப்புக் கலையாத சட்டை போட்டுக்கொண்டு குற்றாலம் புறப்பட்டார். "நானே வேலைக்கு வந்த ஆளு மாதிரிப் போய் உக்காருதேன். என்னென்ன கதை விடுதான்னு பாத்துட்டு வாரேன்" என்று மீசையைத் தடவிக்கொண்டார். பத்திர ஆபீசில் எத்தனையோ கள்ளக் கையெழுத்தைக் கண்டுபிடித்தவர். இன்ஸ்பெக்டரை நினைத்து எனக்கே பாவமாக இருந்தது.

சாயங்காலம் அப்பா திரும்பி வந்தார். கையில் ஒரு கறுப்புத் தோல்பை. பளபளவென்று புதிது. மூடியில் குத்துவிளக்கு முத்திரை.

"என்னங்க இது?" என்றாள் அம்மா.

"கம்பெனிப் பை. பன்னெண்டு ரூவா. நான் ஏஜெண்ட் ஆயிட்டேன்."

அம்மா அடுப்பங்கரை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு நடந்ததைச் சொல்லச் சொல்ல முகம் மலர்ந்தது. ரிடயர் ஆன இரண்டு வருஷத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. "அந்த மனுஷன் நான் உள்ள போனதும் எந்திரிச்சு நின்னாரு சுந்தரி. உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் கம்பெனி தேடிக்கிட்டு இருக்குன்னாரு. தெரிஞ்சவங்க ஒரு நூறு பேரு பேரைச் சொல்ல முடியுமான்னு கேட்டாரு. எனக்கா முடியாது? இந்தத் தாலுகாவுல நிலம் வாங்குன, வித்த ஒருத்தன் பாக்கியில்ல. நான் சொல்லிக்கிட்டே போறேன், அவரு போதும் போதும்னு கும்பிடுதாரு. நூறு பேருல பாதிப் பேரு எடுத்தாலே போதுமாம், நமக்கு வீடு கட்டிரலாமாம்."

"நமக்குத்தான் வீடு இருக்கே" என்றாள் அம்மா.

அதை அப்பா காதில் வாங்கவில்லை. என்னைப் பார்த்து, "மாப்பிள்ளைப் பையன் கெட்டிக்காரன்ட்டி. நான்தான் தப்பா நினைச்சுட்டேன். நாளைக்கே போயி, வேலையை விட்டுட்டு வாங்கன்னு சொல்லப் போறேன்" என்றார். எனக்குச் சந்தோஷத்தில் தலை கால் புரியவில்லை. அன்று ராத்திரி மறுபடியும் இரண்டு தோசை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில், செங்கோட்டை பஸ்ஸுக்கு வரிசையில் நின்றவர்கள் முன்னிலையில் அப்பா புக்கிங் ஜன்னலில் குனிந்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். வல்லிநாயகம் விழித்திருக்கிறார். "மாமா, உங்களுக்குப் பிடிக்கலேன்னுதான் நேத்தே இன்ஸ்பெக்டர்ட்ட முடியாதுன்னு சொல்லி விட்டுட்டேனே. எனக்கு இந்த வேலையே போதும். கல்யாணம்தான் முக்கியம்."

வேறு எந்த மாமனாரும் இந்தப் பதிலுக்குக் கட்டிப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்பத்தேழு வயசுல எனக்கு இருக்கிற துணிச்சல் உமக்கு இல்லையாவே? காலமெல்லாம் இந்தச் சன்னலுக்குள்ளயே இருக்கப் போறேருன்னா எம்பொண்ணு உமக்குக் கிடையாது" என்று சத்தம் போட்டுவிட்டு வந்துவிட்டார். செங்கோட்டை போகிற வழியெல்லாம் அந்தப் பேச்சுப் போயிற்று. இலஞ்சியில் வல்லிநாயகத்தின் அம்மா, "அந்த வீட்டுப் பக்கம் இனித் தலை வச்சும் படுக்கக் கூடாது" என்று மகனிடம் சொன்னதாக எங்கள் காதுக்கே வந்தது.

இந்தத் தடவை நான் அழவில்லை. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இத்தனை பேர் இத்தனை பேசுகிறார்களே, அந்த வேலை உருப்படியான வேலையா இல்லையா என்று ஒருவராவது பார்த்தார்களா? சம்பளம் இல்லை என்று கேட்டதும் அப்பா வேண்டாம் என்றார், இன்ஸ்பெக்டர் எழுந்து நின்று கும்பிட்டதும் வேண்டும் என்றார். சரி, நானே பார்க்கிறேன் என்று முடிவு செய்தேன். நல்ல வேலை என்றால் எப்படியாவது வல்லிநாயகத்தைச் சேரச் சொல்லி அனுப்புவது. வெறும் வாய்ப்பந்தல் என்றால் அப்பாவுக்குக் காட்டுவது. எப்படியும் ஆடிக்கு முன்னால்.

எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். எதிரே ஏசுவடியான் சார், மூன்றாம் வகுப்பு வாத்தியார், தன் பையைத் திறந்து தூக்குச்சட்டியை வெளியே எடுத்தார். கறுப்புத் தோல்பை. மூடியில் குத்துவிளக்கு. தேய்ந்து சாயம் போயிருந்தது. இரண்டு வருஷமாகத் தினமும் பார்த்த பைதான், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

"சார், இந்தப் பை உங்களுக்கு ஏது?"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நானும் ஒரு காலத்துல ஏஜெண்டுல்லா டீச்சர்! லீவு நாள்ல செய்யலாம்னு சேந்தேன். மொத்தம் மூணு பாலிசி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மாமனாருக்கு, ஒண்ணு மச்சானுக்கு. அதோட தெரிஞ்ச ஆளு முடிஞ்சு போச்சு. மச்சான் மறுவருசம் பணம் கட்டலை, பாலிசி செத்துப் போச்சு. எங்க வீட்டுல ரெபேக்கா இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுதா. ஆனா பை நல்ல பை. மீன்குழம்பு கொட்டினாலும் ஊறாது."

அதன் பிறகு நான் தெருவில் போகிற மனிதர்கள் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கையைத்தான் பார்த்தேன். தென்காசி பஜாரில் நாவிதர் மாடக்கண்ணு கத்தியும் கத்தரியும் வைத்திருந்தது அந்தப் பை. மேலக்கடையில் பூ கட்டுகிறவர் நாரை நனைத்து வைத்திருந்தது அந்தப் பை. ஒவ்வொருவரிடமும் நின்று கேட்டேன். ஒருவரும் சங்கடப்படவில்லை, எல்லாரும் சிரித்துக்கொண்டே ஒரே கதையைத்தான் சொன்னார்கள். சீசனுக்குச் சீசன் இன்ஸ்பெக்டர் வருவார், நூறு பேர் பெயரைக் கேட்பார், பையைக் கொடுப்பார். தனக்கும் மாமன் மச்சானுக்கும் பாலிசி எடுத்ததும் வேலை தீர்ந்துவிடும். அடுத்த சீசனுக்கு வேறு ஆட்கள்.

இங்கே நான் இப்படி விசாரித்துக்கொண்டிருக்க, அங்கே அப்பா தாலுகா முழுவதும் சுற்றிக்கொண்டிருந்தார். காலையில் பையோடு போவார், பொழுது சாயத் திரும்புவார். சாப்பிட உட்கார மாட்டார். "வயித்துல இடமில்ல வடிவு" என்பார். எங்கள் ஊர் வழக்கம் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. வயதில் மூத்த மனுஷர், பத்திர ஆபீஸ் ஹெட் கிளார்க், வீடு தேடி வந்து கேட்கிறார். இல்லை என்று எப்படிச் சொல்வது? சொல்ல முடியாத வீட்டில் இலையைப் போட்டுவிட்டார்கள். ஒரு வீட்டில் இட்லி, ஒரு வீட்டில் அதிரசம், ஒரு வீட்டில் சாப்பாடே. வாய் நிறையச் சோறு இருக்கும்போது பாலிசி பேச முடியுமா? அப்பா அதையெல்லாம் வெற்றி என்று எடுத்துக்கொண்டார். "அந்தக் காலத்துல என் முன்னால கைகட்டி நின்ன பயலுக. இப்ப எப்படி மரியாதை செய்தானுக தெரியுமா? அடுத்த மாசம் எல்லாரும் எடுப்பானுக."

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. ஆக்கிய சோற்றில் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. "பாலிசி பிடிக்கப் போறியளா, பந்திக்குப் போறியளா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

ஒரு வீட்டில் மட்டும் சோறு போடவில்லை. அது கல்யாண வீடு. பந்தக்கால் நட்டு, மாவிலை கட்டி, பெண்கள் முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா பந்தலுக்கடியில் உட்கார்ந்து பெண்ணின் தகப்பனாரிடம், "நாளைக்கே நீரு கண்ணை மூடிட்டேர்னு வையும்" என்று ஆரம்பித்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் சொல்லிக் கொடுத்த முதல் வாக்கியம் அது. மேற்கொண்டு சொல்ல விடவில்லை. முறுக்குச் சுற்றின கையோடு ஓர் அம்மாள் எழுந்து வந்து, "கால் நட்ட வீட்டுல என்ன பேச்சு பேசுதிய அண்ணாச்சி!" என்று கத்த, இன்னொருத்தி மிளகாயும் உப்பும் கொண்டுவந்து பந்தலைச் சுற்றி அடுப்பில் போட, அந்த நெடியில் அப்பா இருமிக்கொண்டே தெருவுக்கு வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் இருமினார். ஆனால் அன்றைக்குக்கூட, "நேரம் சரியில்லை, அவ்வளவுதான். வேலை நல்ல வேலை" என்றார். நம்பிவிட்டால் அப்பா அப்படித்தான்.

சொல்லித் தீராது, காட்டினால்தான் தீரும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் குற்றாலத்தில் குளிக்கப் போகலாம் என்றேன். "பையையும் எடுத்துக்கிடுங்கப்பா. சீசன் கூட்டம், ஆளுக நிறைய வருவாங்க" என்று சேர்த்துக்கொண்டேன். அப்பாவுக்கு என் மேல் பாசம் பொங்கியது. ஏசுவடியான் சாரைக் குடும்பத்தோடு அங்கே வரச் சொன்னதும் நான்தான். அதற்கு மேல் நடந்ததெல்லாம் தானாக நடந்தது.

அன்றைக்குப் பேரருவியில் அளவான தண்ணீர். மலை முழுவதும் மேகம் இறங்கியிருந்தது, வெயில் வந்து வந்து மறைந்தது. நானும் அம்மாவும் பெண்கள் பக்கம் போய் நின்றோம். தலையில் தண்ணீர் அடித்த அடியில் வல்லிநாயகம், ஆடி மாதம், இன்சூரன்ஸ் எல்லாம் மறந்து நான் கூச்சல் போட்டுச் சிரித்தேன். அம்மாவும் சிரித்தாள். பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத பெண்ணும் என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தத் தண்ணீருக்கு அடியில் நின்றால் யாருக்கும் அப்படித்தான்.

குளித்துத் தலை துவட்டிக்கொண்டு ஆண்கள் பக்கம் இறங்குகிற படிக்கு வந்தபோது அப்பா ஈர வேட்டியோடு ஓடி வந்துகொண்டிருந்தார். எண்ணெய் தேய்த்துவிடுகிற சுடலைமாடன் பாறை ஓரத்தில் ஓலைப்பாய்க்கு அடியில் எல்லாருடைய துணிமணியையும் நனையாமல் பார்த்துக்கொள்வான். அவனிடம் அப்பா, "ஏலே, என் பையை எடு, சீக்கிரம்! வாசுதேவநல்லூர் ரைஸ்மில் முதலாளி ஒருத்தரு அருவிக்குள்ள ஆப்பிட்டாரு. போயி பையை எடுத்துட்டு வாங்கன்னுட்டாரு" என்றார்.

சுடலைமாடன் பாய்க்கு அடியில் கைவிட்டு ஒரு பையை நீட்டினான். அப்பா திறந்தார். உள்ளே எண்ணெய்ப் புட்டிகள்.

"அது என்னுது அண்ணாச்சி" என்று சொல்லி இன்னொன்றை எடுத்தான். திறந்தால் இட்லி, மிளகாய்ப் பொடி தடவினது. மூன்றாவதைத் திறந்தால் மடித்து வைத்த கைலித் துண்டுகள், அவற்றுக்கு அடியில் கம்பெனிக் காகிதங்கள். அப்பா மூன்று பைகளையும் வரிசையாகப் பாறை மேல் வைத்துப் பார்த்தார். மூன்று குத்துவிளக்கு. நாலாவதாக வந்தது அவருடையது.

"இந்தக் கம்பெனிப் பை எப்படிலே உன் கையில?" என்றார் சுடலைமாடனிடம்.

"முந்தின சீசன்ல நானும் ஏஜெண்டு அண்ணாச்சி. எண்ணெய் தேய்க்கும்போது ஆளு எந்திரிச்சு ஓட முடியாதுல்லா, அப்பம் பேசு, பாலிசி எடுத்துருவாகன்னு இன்ஸ்பெக்டர் ஐயா சொன்னாவ. பேசினேன். பிறகு எண்ணெய் தேய்க்கவே ஒருத்தனும் எங்கிட்ட வரலை."

அதற்குள் ஏசுவடியான் சார் இட்லியைத் தேடி வந்துவிட்டார். அப்பா கையில் பையைப் பார்த்ததும், "அடடே, அண்ணாச்சி! நீங்களுமா?" என்றார். மூன்றாவது பைக்குச் சொந்தக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கடையநல்லூர் பக்கம் சைக்கிளில் ஜவுளி கொண்டுபோய் விற்கிற கிதிர் முகம்மது. அவரை எங்கள் தெருவுக்கே தெரியும்.

"உம்ம பையில மட்டும் காயிதம் இருக்கே" என்றார் அப்பா, கொஞ்சம் நம்பிக்கையோடு. "நீரு இன்னும் இதுல இருக்கேரா?"

"ஆமா அண்ணாச்சி, ஆறேழு வருசமாச்சு."

"நல்லா வருதா?"

"வருசத்துக்குப் பத்துப் பன்னெண்டு பாலிசி வரும். துணி வாங்குற வீட்டுல பேச்சோட பேச்சா சொல்லி வைப்பேன். பிள்ளை பொறந்த வீடு, புதுசா வேலை கிடைச்ச பையன், இப்படிப் பாத்து. எடுத்தா எடுக்கட்டும், எடுக்கலேன்னாலும் கைலி எடுப்பாங்கள்ல? இதை மட்டும் நம்பி அடுப்பு மூட்டினா அண்ணாச்சி, வீட்டுல பட்டினிதான். துணிக்கு மேல இது வந்தா லாபம்."

அப்பா அருவியைத் திரும்பிப் பார்த்தார். ரைஸ்மில் முதலாளியைக் காணவில்லை. கோயில் பக்கம் வேகமாகப் போய்க்கொண்டிருந்த ஈர முதுகு அவருடையதுதான் என்று பிறகு தெரிந்தது.

கோபப்படப் போகிறார் என்று நான் பயந்துகொண்டு நின்றேன். அப்பாவின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு அந்தப் பாறை மேலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். "எண்ணெய் தேய்க்கும்போது எந்திரிச்சு ஓட முடியாதாமே!" என்று சொல்லி மறுபடியும் சிரித்தார். சுடலைமாடனும் சிரித்தான், ஏசுவடியான் சாரும் சிரித்தார். எல்லாருமாக அந்த இட்லியைப் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். எனக்கு அப்பாவைப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஏமாந்தது தெரிந்ததும் இப்படிச் சிரிக்க எத்தனை பேருக்கு முடியும்?

பஸ்ஸில் திரும்பும்போது அவர் சிரிக்கவில்லை. "சுந்தரி, நீ இதெல்லாம் முன்னாலயே விசாரிச்சுட்டியோ?" என்றார்.

"ஆமாப்பா."

"அந்தப் பையன் வேண்டாம்னு சொன்னது சரிதான்."

"ஆமாப்பா."

"நான்தான் பஸ் ஸ்டாண்டுல வச்சு..." என்று நிறுத்தினார். அப்பா இதுவரை யாரிடமும் போய், நான் சொன்னது தப்பு என்று சொன்னதில்லை. பத்திர ஆபீசில் அதற்குப் பழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை வரைக்கும் கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். ஆடி பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. நானும் கேட்கவில்லை, அம்மா கேட்க விடவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் திடீரென்று சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளம்புங்க, இலஞ்சிக் குமாரரைக் கும்பிட்டுட்டு வருவோம்" என்றார். பையையும் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை தோறும் வல்லிநாயகமும் அவர் அம்மாவும் அந்தக் கோயிலுக்கு வருவார்கள் என்று யாருக்குத் தெரியாது? நாங்கள் உள்ளே போனபோது அவர்கள் அர்ச்சனை முடித்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வல்லிநாயகம் எழுந்து, "வாங்க மாமா" என்றார். அவரால் வேறு மாதிரி இருக்க முடியாது. நானும் அம்மாவும் தூணை ஒட்டித் தள்ளியே நின்றுவிட்டோம்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "நான் சம்பந்தம் பேச வரலை தம்பி. இன்சூரன்ஸ் விசயமா வந்தேன்."

"கோயில்லயா?" என்றாள் அந்த அம்மாள், சுவரைப் பார்த்தபடியே.

"சொல்லுங்க மாமா" என்றார் வல்லிநாயகம்.

"முதல்ல ஒண்ணு. பஸ் கம்பெனி வேலையை விட்டுராதிய. அதுதான் வேலை. இது வேணும்னா லீவு நாள்ல ஒண்ணு ரெண்டு பாக்கலாம், துணிக்கு மேல லாபம் மாதிரி. நான் நாலு இடத்துல விசாரிச்சுட்டேன்." நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்பா மேலே போனார். கல்யாண வீட்டு மிளகாய் நெடி ஞாபகம் இருந்திருக்க வேண்டும், வார்த்தையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பேசினார். "ரெண்டாவது, உங்களுக்கு ஒரு பாலிசி வேணும். இப்ப, நீங்க ஒரு தூரப் பயணம் போறியன்னு வச்சிக்கிடுங்க..."

"செங்கோட்டைக்கு அங்கிட்டா மாமா?"

"அதுக்கும் அங்கிட்டு."

"நான் டிக்கெட் குடுக்கிற ஆளுல்லா. எங்கயும் போறதில்லையே."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு வேர்த்தது. "சரி, ஒரு பேச்சுக்கு. நீங்க இல்லாத நேரத்துல உங்க வீட்டுக்காரி யாரு கையையும் எதிர்பாக்காம இருக்கணுமா வேண்டாமா? அதுக்குத்தான் பாலிசி. அவளை நினைச்சுப் பாருங்க."

வல்லிநாயகத்தின் முகத்திலிருந்து விளையாட்டு போய்விட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு வீட்டுக்காரி இல்லையே மாமா" என்றார் மெதுவாக. "கேட்டேன். ரெண்டு தடவையும் இல்லேன்னுட்டிய."

அப்பா வாயைத் திறந்தார். எதிரில் இருந்தவரைப் பார்த்தார், சந்நிதியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. சொல்ல வேண்டியது அவருக்குத் தெரிந்திருந்தது, நாக்குத்தான் எழவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் என் அப்பா மேல் எனக்கு வந்த பிரியத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆனால் ஆடி எனக்காகக் காத்திருக்காது. நான் தூணை விட்டு வெளியே வந்தேன்.

"'இருக்கா'ன்னு சொல்லுங்கப்பா" என்றேன்.

மண்டபத்தில் இருந்த நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. வல்லிநாயகம் தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

"இருக்கா மாப்பிள்ளை" என்றார் அப்பா. "இந்தா நிக்கா. நான் பேசினதை மனசுல வச்சிக்கிடாதிய."

வல்லிநாயகம் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மாள்தான் முதலில் பேசினாள். முகம் இன்னும் கடுகடுவென்றுதான் இருந்தது.

"இருக்கிறவ ஏன் அவ்வளவு தூரத்துல நிக்கா? கிட்ட வாட்டி."

போனேன். அர்ச்சனைத் தட்டிலிருந்து பூச்சரத்தை எடுத்து, என் தலையைக் குனியச் சொல்லி, அவளே வைத்துவிட்டாள். மாமியார் பூ வைத்துவிட்டால் எங்கள் பக்கம் அதற்கு மேல் பேச்சு கிடையாது.